பகிர்ந்த ஃபோல்டரை எத்தனை நொடிக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பது?

ஓர் அச்சகத்தை எடுத்துக்கொள்வோம். வடிவமைப்பு அறையில் பன்னிரண்டு கணினிகள், மூலையில் ஒரு நாஸ் பெட்டி (எல்லாக் கணினிக்கும் பொதுவான நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி), அதில் 'உள்ளே' என்று ஒரு ஃபோல்டர். வேலை முடிந்த பிடிஎஃப்பை வடிவமைப்பாளர் அதில் போடுவார். பிளேட் (அச்சு இயந்திரத்துக்கான தகடு) எடுக்கும் கணினியில் ஓடும் புரோகிராம் அதைத் தானாகக் கண்டுபிடித்து எடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்கேனர் ஒரு ஃபோல்டரில் பக்கங்களைப் போட, இன்னொரு கணினி அவற்றை எடுத்துப் பெயர் மாற்றிச் சேமிக்கும் அலுவலகத்திலும் இதே கதைதான்.

அந்தப் புரோகிராமின் அமைப்புப் பக்கத்தில் 'எத்தனை நொடிக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்' என்று ஒரு கட்டம் இருக்கும். சீக்கிரம் பார்த்தால் சீக்கிரம் கிடைக்கும் என்று பலரும் அதில் 1 என்று போட்டுவிடுகிறார்கள். உள்ளூர் டிஸ்க்கில் அது ஓரளவு சரி. நெட்வொர்க் ஃபோல்டரில் அந்த 1 பல நேரம் வெறும் அலங்காரம்: சர்வரைப் பத்து மடங்கு தொந்தரவு செய்யும், ஆனால் ஃபைல் ஒரு நொடிகூட முன்னால் வராது. காரணம், அந்த எண்ணுக்கு அடியில் வேறு இரண்டு எண்கள் உட்கார்ந்திருக்கின்றன. ஒருமுறை முழுதாகப் பார்த்து முடிக்க ஆகும் நேரம் ஒன்று. நம் கணினியே பழைய பதிலைக் கையில் வைத்துக்கொண்டு திருப்பிச் சொல்லும் நேரம் இன்னொன்று. இவ்விரண்டும் தெரிந்த பிறகுதான் 'எவ்வளவு தாமதம் தாங்கும்' என்ற கேள்விக்கே அர்த்தம் வரும்.

ஒரு சுற்றின் விலை

ஃபோல்டரில் 5,000 ஃபைல்கள் இருக்கின்றன. புரோகிராம் ஒவ்வொன்றாகப் போய் 'எப்போது மாறினாய், எவ்வளவு பெரியவன்' என்று கேட்கிறது. கம்பி வழியாக ஒரு கேள்விக்கு அரை மில்லிநொடி என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு இரண்டரை நொடி. அதே வேலையை வைஃபையில், கேள்விக்கு 5 மில்லிநொடி என்று செய்தால் 25 நொடி. இந்த நிலையில் இடைவெளி 1 நொடி என்று எழுதி வைப்பதற்குப் பொருளே இல்லை. சுற்று முடிவதற்குள் அடுத்த சுற்றுக்கான மணி அடித்துவிடும். பன்னிரண்டு கணினியும் இதையே நொடிக்கு ஒருமுறை செய்ய முயன்றால் நாஸ் பெட்டிக்கு நொடிக்கு 60,000 கேள்விகள். சாதாரண அலுவலக நாஸ் அதற்குப் பதில் சொல்லித் தீராது. பிடிஎஃப்பைத் திறக்கக் காத்திருப்பவருக்குத்தான் அந்த வலி தெரியும்.

விலையைக் குறைக்க முதல் வழி இடைவெளியைக் கூட்டுவது அல்ல. கேட்கும் முறையை மாற்றுவது. எஸ்எம்பி நெறிமுறையில் (விண்டோஸ் கணினிகள் ஃபோல்டரைப் பகிரும் முறை) ஃபோல்டர் பட்டியலைக் கேட்டால் பெயர், அளவு, திருத்திய நேரம் எல்லாம் ஒரே பதிலில் கட்டுக்கட்டாக வரும். விண்டோஸில் வழக்கமாகக் கேட்கும் வடிவத்தில் ஓர் உருப்படிக்கு 104 பைட், கூடவே பெயரின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 2 பைட். இருபது குறியீட்டுப் பெயர் என்றால் 144 பைட். ஒரு 64 கிலோபைட் பதிலில் ஏறக்குறைய 450 ஃபைல்கள் அடங்கிவிடும். 5,000 கேள்விகள் ஒரு டஜனாகச் சுருங்கும்.

பைத்தானில் எழுதுபவர்கள் விண்டோஸில் 'லிஸ்ட்டிர்' (பெயர்ப் பட்டியல்) போட்டு ஒவ்வொன்றுக்கும் 'ஸ்டாட்' (அளவு, நேரம் போன்ற விவரம்) கேட்பதை விட்டுவிட்டு 'ஸ்கேன்டிர்' பயன்படுத்தினால் இந்தச் சேமிப்பு தானாகக் கிடைக்கும். லினக்ஸில் அப்படி இல்லை. அங்கே 'ஸ்கேன்டிர்' ஃபைலா ஃபோல்டரா என்பதை மட்டும் இலவசமாகச் சொல்லும். அளவும் நேரமும் வேண்டுமென்றால் தனித்தனி ஸ்டாட்தான்.

புதிய ஃபைல் வந்ததா என்று மட்டும் தெரிந்தால் போதுமென்றால் இன்னும் மலிவான வழி உண்டு. ஃபோல்டரின் திருத்திய நேரத்தை மட்டும் பாருங்கள். ஃபைல் சேர்ந்தாலும் நீங்கினாலும் பெயர் மாறினாலும் அது மாறும். ஏற்கெனவே இருக்கும் ஃபைலின் உள்ளடக்கம் மாறினால் மாறாது. உள்ஃபோல்டருக்குள் நடப்பதும் மேல் ஃபோல்டரின் நேரத்தைத் தொடாது. இந்த வரம்பு புரிந்திருந்தால் ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு கேள்வி போதும்.

எடுத்து முடித்த ஃபைல்களை அதே ஃபோல்டரில் குவிய விடாதீர்கள். 'முடிந்தது' என்ற தனி ஃபோல்டருக்கு நகர்த்தினால் பார்க்க வேண்டிய பட்டியலில் எப்போதும் பத்து இருபது ஃபைல்கள்தான் இருக்கும். இடைவெளியைத் திருத்துவதைவிட இந்த ஒரு பழக்கம் அதிகம் உதவும்.

சுற்றுக்கு ஆகும் நேரத்தைக் கணக்குப் போடாமல் அளந்து பாருங்கள்: விண்டோஸில் பவர்ஷெல்லின் மெஷர்-கமாண்ட், லினக்ஸில் 'டைம்'. காலை எல்லோரும் வேலையில் இருக்கும் நேரத்தில் அளக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு அளந்த எண் பொய் சொல்லும். ஒரு சுற்று இடைவெளியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்வது நல்லது. இரண்டரை நொடி ஆகிறதென்றால் 25 அல்லது 30 நொடிக்குக் கீழே போகாதீர்கள்.

பழைய பதிலைத் திருப்பிச் சொல்லும் கணினி

பலரும் கவனிக்காமல் விடும் இடம் இது. விண்டோஸ் எஸ்எம்பி கிளையன்ட் (பகிர்வை அணுகும் நம் கணினி) ஃபோல்டர் பட்டியலை 10 நொடியும், ஃபைல் விவரத்தை 10 நொடியும், 'அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்ற பதிலை 5 நொடியும் நினைவில் வைத்திருக்கும். டைரக்டரி லீஸ் ('மாறினால் சொல்கிறேன், அதுவரை பட்டியலை வைத்துக்கொள்' என்ற அனுமதி) என்ற ஏற்பாட்டை சர்வர் தராதபோது பட்டியலுக்கு இந்தக் கணக்குதான் நடக்கும். 'முடிந்தது.டிஎக்ஸ்டி' வந்துவிட்டதா என்று நொடிக்கு ஒருமுறை கேட்கும் புரோகிராம், ஐந்து முறையில் நான்கு முறை சர்வரிடம் பேசுவதே இல்லை. தன் கணினியின் நினைவிடமே கேட்டு 'இல்லை' என்று வாங்கிக்கொண்டு திரும்புகிறது.

இந்த மூன்று எண்களையும் செட்-எஸ்எம்பிகிளையன்ட்கான்ஃபிகரேஷன் கட்டளையால் மாற்றலாம். 0 என்று வைத்தால் அந்த நினைவு அணைந்துவிடும். ஆனால் எல்லாக் கணினியிலும் அதைச் செய்யாதீர்கள். எக்ஸ்ப்ளோரரில் ஃபோல்டரைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் சர்வருக்குப் போய்வர வேண்டியிருக்கும். பெரிய ஃபோல்டர்களில் அது கண்ணுக்குத் தெரியும். பிளேட் எடுக்கும் ஒரு கணினியில் மட்டும் மாற்றினால் போதும்.

லினக்ஸில் என்எஃப்எஸ் (லினக்ஸ் உலகில் ஃபோல்டரைப் பகிரும் முறை) வழியாக இணைத்திருந்தால் சமாச்சாரம் இன்னும் நுட்பம். இயல்பாக ஃபைலின் விவரங்கள் 3 முதல் 60 நொடி வரையும், ஃபோல்டரின் விவரங்கள் 30 முதல் 60 நொடி வரையும் கேஷில் (கணினியின் தற்காலிக நினைவில்) இருக்கும். ஒரு ஃபைல் மாறாமலேயே இருந்தால் 3 நொடி என்பது படிப்படியாகக் கூடி 60 வரை போகும். அதாவது நெடுநேரம் அமைதியாக இருந்த ஃபைலில் வரும் முதல் மாற்றம்தான் அதிகத் தாமதமாகத் தெரியும். நாம் காத்திருப்பதே அந்த முதல் மாற்றத்துக்குத்தானே! 'நோஏசி' என்ற விருப்பத்தோடு இணைத்தால் இந்தக் கேஷ் போய்விடும். எழுதும் வேகமும் கூடவே போய்விடும். அதைவிட 'ஆக்டைமியோ' (கேஷ் எத்தனை நொடி என்பது) மதிப்பை 5 போல வைத்து, பார்க்கும் இடைவெளியையும் 5 ஆக்குவது நிதானமான வழி. லினக்ஸில் சிஃப்ஸ் (எஸ்எம்பி பகிர்வு) இணைப்புக்கு இதே கேஷ் இயல்பாக 1 நொடிதான். அங்கே தொல்லை குறைவு.

கேஷைத் தாண்ட இன்னொரு வழியும் உண்டு. என்எஃப்எஸ்ஸில் ஒரு ஃபைலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கிளையன்ட் சர்வரிடம் புதிதாகக் கேட்டுச் சரிபார்க்கும். எழுதியவர் மூடிய பிறகு திறப்பவருக்குப் புதியது கிடைக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. அதனால் ஸ்டாட் கேட்பதைவிட, ஒரு சின்ன ஃபைலைத் திறந்து படித்து மூடுவது உண்மையான பதிலைத் தரும். இதைக் கீழே மணி ஃபைலில் பயன்படுத்தப் போகிறோம்.

எந்த இடைவெளி, எதற்கு

1 முதல் 2 நொடி: ஒரே ஒரு கணினி, கம்பி இணைப்பு, ஐம்பது ஃபைலுக்குள் இருக்கும் ஃபோல்டர், கேஷும் குறைக்கப்பட்டது. நான்கும் சேர்ந்தால் மட்டும் இது பொருந்தும். ஆள் எதிரே நின்று காத்திருக்கும் வேலைக்கு, எடுத்துக்காட்டாகக் கவுன்டரில் பில் அச்சடிப்பதற்கு, இது தேவைப்படலாம்.

10 முதல் 30 நொடி: அச்சக ஃபோல்டர், ஸ்கேன் ஃபோல்டர் போன்ற பெரும்பாலான வேலைக்கு இதுவே போதும். அச்சகத்தின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இடைவெளி 10 நொடி. கேஷ் அதிகபட்சம் 10 நொடி. சுற்றுக்கு ஒரு நொடி. ஃபைல் முழுதாக எழுதி முடிந்ததா என்று உறுதி செய்ய இன்னொரு சுற்று, 10 நொடி. மோசமான நிலையில் 31 நொடி. பிளேட் எடுக்க அதற்குமேல் சில நிமிடங்கள் ஆகப்போகிறது. இந்த அரை நிமிடத்தை யாரும் உணரப்போவதில்லை. இடைவெளியை 1 ஆக்கினால் உறுதி செய்யும் இரண்டாவது பார்வையும் அதே பழைய பட்டியலைத்தான் பார்க்கும். உறுதி செய்ததாகவே ஆகாது.

1 முதல் 15 நிமிடம்: படம், பாட்டு, ஆவணத் தொகுப்பு, பேக்கப். ஆயிரக்கணக்கான ஃபோல்டர்கள் உள்ள மரத்தை முழுதாக நடந்து பார்க்கும் வேலைகள் எல்லாம் இங்கே. பிளெக்ஸ் போன்ற மீடியா சர்வரில் நெட்வொர்க் ஃபோல்டருக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் செய்யும் வசதி 15 நிமிடத்தில்தான் தொடங்குகிறது. டிஸ்க் சுழற்சி நின்று ஓய்வெடுக்க வேண்டும் என்று நாஸில் அமைத்திருந்தால், இடைவெளி அந்த ஓய்வு நேரத்தைவிட நீளமாக இருக்கட்டும். லினக்ஸில் டிஸ்க்கின் ஓய்வு நேரத்தை அமைக்கும் ஹெச்டிபார்ம் கட்டளையில் எஸ் மதிப்பு 120 என்றால் 10 நிமிடம். 8 நிமிடத்துக்கு ஒருமுறை மரத்தை நடந்தால் அந்த டிஸ்க் தூங்கவே வாய்ப்பில்லாமல் போகலாம்.

மென்பொருள் எழுதுபவர்களுக்கு ஒரு குறிப்பு. ஃபைல் மாற்றத்தைக் கவனிக்கும் நோட்.ஜேஎஸ் நூலகமான சோக்கிடாரில் போலிங்கை (இடைவெளி விட்டு எட்டிப் பார்ப்பதை) இயக்கினால் இயல்பான இடைவெளி 100 மில்லிநொடி. நெட்வொர்க் ஃபோல்டரிலோ மெய்நிகர் கணினியின் பகிர்வு ஃபோல்டரிலோ அதை அப்படியே விட்டால் மடிக்கணினியின் விசிறி அலற ஆரம்பிக்கும். 1,000க்கு உயர்த்தி, துணை நூலகங்கள் குவியும் 'நோட்_மாட்யூல்ஸ்' ஃபோல்டரை விலக்கி வையுங்கள். இரண்டாவதுதான் முக்கியம்.

பார்க்காமல் காத்திருப்பது

சர்வரே மாற்றத்தைச் சொல்லட்டும் என்பது அடுத்த தேர்வு. விண்டோஸ் கிளையன்ட், எஸ்எம்பி சர்வர் என்றால் இது நடக்கும். லினக்ஸில் ஓடும் எஸ்எம்பி சர்வரான சாம்பாவும் இதை ஆதரிக்கிறது. லினக்ஸ் கிளையன்டில் ஐநோட்டிஃபையை (மாற்றத்தைச் சொல்லும் லினக்ஸ் வசதி) நம்பினால் ஏமாற்றமே. அது அந்தக் கணினியின் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வழியாக நடந்த மாற்றங்களை மட்டுமே சொல்லும்; அடுத்த கணினி எஸ்எம்பியிலோ என்எஃப்எஸ்ஸிலோ எழுதியது அதன் காதுக்கு வராது. பிழைச் செய்தியும் வராது. சோதிக்கும்போது அதே கணினியிலிருந்து ஃபைல் போட்டுப் பார்ப்பார்கள், வேலை செய்யும். பிறகு மற்றவர்கள் போடும் ஃபைல் எதுவும் எடுக்கப்படாது.

விண்டோஸ் அறிவிப்பிலும் இரண்டு ஓட்டைகள் உண்டு. முதலாவது, இடைத்தாங்கி (நிகழ்வுகள் காத்திருக்கும் இடம்) நிரம்பிவிடுவது. டாட்நெட்டின் ஃபைல்சிஸ்டம்வாட்சர் இயல்பாக 8 கிலோபைட் இடம் வைத்திருக்கும். உச்சவரம்பு 64 கிலோபைட். ஒரு நிகழ்வுக்கு 16 பைட், அதோடு பெயரின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 2 பைட். முப்பது குறியீட்டுப் பெயர்கள் என்றால் ஏறக்குறைய நூறு நிகழ்வில் நிரம்பிவிடும். தமிழில் பெயர் வைத்தால் இன்னும் சீக்கிரம், ஏனென்றால் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். 'திருமணம்' நமக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு எட்டு குறியீடு, 16 பைட். ஒரு ஃபைல் நகலெடுப்பதே உருவானது, மாறியது, மாறியது என்று பல நிகழ்வுகளை எழுப்பும். கல்யாண சீசனில் ஒருவர் ஐம்பது அழைப்பிதழை ஒரே இழுப்பில் போட்டால், புரோகிராம் கொஞ்சம் மெதுவாக இருந்தாலும் சில ஃபைல்கள் விட்டுப்போகும்.

இரண்டாவது ஓட்டை, இணைப்பு அறுவது. ஸ்விட்ச் ஒருமுறை மின்தடையில் அணைந்து எழுந்தால் அறிவிப்புக் கம்பி அறுந்துவிடும். பிழை நிகழ்வைக் கையாளாத புரோகிராம் இனி என்றுமே வராத சேதிக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

இதனால் அறிவிப்பை மட்டும் நம்பக் கூடாது. அறிவிப்போடு மெதுவான முழுச் சுற்று ஒன்றும் சேர்ந்தே ஓட வேண்டும். ஃபைல்களை ஒத்திசைக்கும் சின்க்திங் இதைத்தான் செய்கிறது: மாற்றத்தைக் கவனிக்கும், அதற்கு மேல் 3,600 நொடிக்கு ஒருமுறை முழு ஸ்கேனும் செய்யும். அச்சகத்துக்கு ஒரு மணி நேரம் அதிகம்; 2 முதல் 5 நிமிடம் வையுங்கள்.

பன்னிரண்டு கணினிக்கும் சேதி தெரிய வேண்டுமென்றால் மணி ஃபைல்தான் சிறந்தது. நாஸிலேயே சிறு புரோகிராம் ஓட்ட முடிந்தால், அங்கே ஐநோட்டிஃபை முழுமையாக வேலை செய்யும்; எழுதுவது அந்தக் கெர்னல்தானே. ஃபோல்டரில் மாற்றம் வந்தால் அந்தப் புரோகிராம் 'மணி' என்ற சின்ன ஃபைலில் ஓர் எண்ணை ஒன்று கூட்டி எழுதி மூடும். மற்றக் கணினிகள் 2 நொடிக்கு ஒருமுறை அந்த ஒரு ஃபைலைத் திறந்து படிக்கும். எண் மாறியிருந்தால் மட்டும் பட்டியலைக் கேட்கும். பன்னிரண்டு கணினி சேர்ந்தாலும் நொடிக்கு ஆறு பார்வை. விண்டோஸில் எண் மாறியும் பட்டியல் பழையதாக வந்தால், மேலே சொன்ன 10 நொடி நினைவு காரணம் என்று அறிந்து சில நொடி விட்டு மறுபடி கேட்க வேண்டும். மணி ஃபைலை, கண்காணிக்கும் ஃபோல்டருக்கு வெளியே வையுங்கள். உள்ளே வைத்தால் அதை எழுதுவதே ஒரு மாற்றமாகி மணி நிற்காமல் அடிக்கும்.

பாதி எழுதிய ஃபைல்

இடைவெளி குறையக் குறைய இந்த ஆபத்து கூடும். 400 மெகாபைட் பிடிஎஃப் வைஃபையில் வந்துகொண்டிருக்கும்போதே புரோகிராம் அதை எடுத்துவிட்டால், பாதிப் பக்கத்தோடு பிளேட் போகும். அடுத்தடுத்த இரண்டு சுற்றில் அளவும் நேரமும் மாறாமல் இருந்தால் முடிந்தது என்று கொள்வது வழக்கம். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது: என்டிஎஃப்எஸ்ஸில் (விண்டோஸ் டிஸ்க்கின் ஃபைல் அமைப்பு), எழுதிக்கொண்டிருக்கும் ஃபைலின் அளவு ஃபோல்டர் பட்டியலில் உடனுக்குடன் புதுப்பிக்கப்படாமல், மூடும்போதுதான் சரியாகலாம். அதனால் கடைசி முடிவைப் பட்டியலை வைத்து எடுக்காமல், ஃபைலைப் பகிர்வின்றித் தனியுரிமையோடு திறந்து பாருங்கள். திறந்தால் எழுதியவர் கையை எடுத்துவிட்டார். லினக்ஸில் இந்தத் தனியுரிமைத் திறப்பு இல்லை.

எழுதும் பக்கம் நம் கையில் இருந்தால் இதற்கெல்லாம் தேவையே இல்லை. 'பகுதி' என்று முடியும் தற்காலிகப் பெயரில் எழுதி, முடித்ததும் அதே ஃபோல்டருக்குள் பெயரை மாற்றுங்கள். பெயர் மாற்றம் ஒரே அடியில் நடக்கும். பாதி நிலை என்பது கிடையாது.

திருத்திய நேரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 'கடைசியாகப் பார்த்ததற்குப் பின் மாறியவை' என்று தேடாதீர்கள். எக்ஸ்ப்ளோரரில் நகலெடுத்தால் பழைய திருத்திய நேரமே கூடவே வரும். போன மாதம் செய்த வடிவமைப்பை இன்று போட்டால் அதன் தேதி போன மாதம்தான். சர்வர் கடிகாரமும் நம் கடிகாரமும் சில நொடி விலகியிருந்தாலும் இதே கதி. முந்தைய சுற்றின் பட்டியலைச் சேமித்து, பெயர், அளவு, நேரம் மூன்றையும் ஒப்பிடுவதே பிழையற்றது.

எண் சரி, ஆனாலும் தவறுவது

லினக்ஸில் பகிர்வு இணைப்பு கழன்றுவிட்டால் (அன்மவுன்ட் ஆனால்) அந்த இடத்தில் வெறும் ஃபோல்டர் இருக்கும். எட்டிப் பார்க்கும் புரோகிராம் 'எல்லா ஃபைலும் நீக்கப்பட்டுவிட்டன' என்று முடிவுக்கு வரும். அது ஒத்திசைவு செய்யும் புரோகிராமாக இருந்தால் மறுபக்கத்திலும் அழித்துவிடும். பகிர்வின் உள்ளே ஓர் அடையாள ஃபைல் வைத்து, அது தெரிந்தால் மட்டும் சுற்றைத் தொடரச் செய்யுங்கள். இந்த ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

லினக்ஸின் சிஸ்டம்டி டைமரில் 10 நொடி என்று எழுதியும் அது ஒரு நிமிடம் வரை தள்ளி ஓடக்கூடும். 'அக்யூரசிசெக்' (எவ்வளவு பிசகலாம் என்பது) இயல்பாக ஒரு நிமிடம் என்பதால். அதை 1 நொடியாக்குங்கள். கிரானில் (நேரம் வைத்து வேலையை ஓட்டும் இன்னொரு வசதி) ஒரு நிமிடத்துக்குக் கீழே போக முடியாது. முந்தைய சுற்று முடியாமல் அடுத்தது தொடங்காதிருக்க 'எஃப்லாக்' (பூட்டுக் கட்டளை) போடுங்கள். சொந்தமாக எழுதும் புரோகிராமில் இடைவெளியைச் சுற்று முடிந்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும், தொடங்கிய நேரத்திலிருந்து அல்ல. காலை ஒன்பதுக்கு எல்லாக் கணினியும் ஒன்றாக எழுந்து ஒரே நொடியில் பட்டியல் கேட்காதிருக்க, இடைவெளியில் பத்து இருபது சதவீதம் முன்பின்னாகச் சிதற விடுங்கள்.

விண்டோஸ் சர்வீஸாக ஓட்டினால் இசட் டிரைவ் என்று எழுதாமல் பகிர்வின் முழுப் பாதையை எழுதுங்கள். உள்நுழைந்த ஆள் இணைத்த டிரைவ் எழுத்து சர்வீஸுக்குத் தெரியாது.

முடிவு செய்த எண்ணை நம்பும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். வேறொரு கணினியிலிருந்து, போட்ட நேரத்தையே பெயராகக் கொண்ட இருபது ஃபைல்களைச் சீரற்ற இடைவெளிகளில் ஃபோல்டரில் போடுங்கள். எடுத்த நேரத்தைப் புரோகிராம் பதிவு செய்யட்டும். இரு கணினிகளின் கடிகாரத்தையும் முதலில் ஒத்திசைத்துக்கொள்ளுங்கள். சராசரியைப் பார்க்காதீர்கள், இருபதில் மிகத் தாமதமானது எவ்வளவு என்று பாருங்கள். கணக்கிட்ட 31 நொடிக்குப் பதில் 70 என்று வந்தால், இடைவெளியைத் தொடாமல் முதலில் கேஷையும் டைமரையும் தேடுங்கள்.